செலஸ்டியாவில் சுற்றுப்பாதையும் சுழற்சியும் பொருந்தாதபோது: பிழையைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

விண்வெளியைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் காட்டும் செலஸ்டியா நிரலில் சொந்தமாக ஒரு துணைக்கோளையோ விண்கலத்தையோ சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் இது நடக்கும். எண்கள் நம்பகமான இடத்திலிருந்து எடுத்தவை. கோப்பில் எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் அந்தப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அல்லது இடம் சரியாக இருந்தும் தப்பான முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே கை பரபரக்கும்: சாய்வைக் கொஞ்சம் மாற்றலாமா, இன்னும் பத்து டிகிரி கூட்டிப் பார்க்கலாமா என்று. அப்படித் திருத்திய எண் இன்றைய தேதிக்குப் பொருந்தினாலும், ஆறு மாதம் தள்ளிப் பார்த்தால் மறுபடி விலகியிருக்கும்.

இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலும் எண் சரியாகவே இருக்கிறது. அதை எந்த அலகில், எந்தத் தளத்தை வைத்து, எந்த நேரத்திலிருந்து படிப்பது என்பதில்தான் எடுத்த இடத்துக்கும் நிரலுக்கும் ஒத்துப்போவதில்லை. ஆகவே எண்ணைத் தொடும் முன் பிழையை அளந்துவிடுங்கள். எத்தனை மடங்கு வேகம்? எத்தனை டிகிரி விலகல்? அந்த விலகல் அப்படியே நிற்கிறதா, நாளுக்கு நாள் வளர்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் காரணம் தானாகவே பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செலஸ்டியாவில் ஈர்ப்பு விசை கிடையாது. நீங்கள் கொடுத்த சூத்திரத்தில் நேரத்தைப் போட்டு, வந்த இடத்தில் பொருளை வைக்கிறது, அவ்வளவுதான். வியாழனின் தூரத்தில் ஒரு கோளை வைத்து, ஒரு வருடத்தில் சூரியனைச் சுற்று என்று எழுதினால் மறுபேச்சில்லாமல் சுற்றும். இயற்பியலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது முழுக்க நம் வேலை.

கோப்பைத் திறப்பதற்கு முன்

முதலில் நீங்கள் எந்த நிலையிலிருந்து பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஒய் விசையை அழுத்தினால் நீங்களும் கோளோடு சேர்ந்து சுழலத் தொடங்குவீர்கள். அப்போது கோள் அசையாமல் நிற்பதுபோலவும் நட்சத்திரங்கள் ஓடுவதுபோலவும் தெரியும். "என் கோள் சுழலவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரில் கணிசமான பங்கு இதுதான். எஃப் விசையை அழுத்தி வெறுமனே பின்தொடரும் நிலைக்கு வந்தால் சுழற்சி தெரியும்.

அடுத்து நேரம். ஜே விசை நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும். அது தெரியாமல் அழுத்தப்பட்டிருந்தால் எல்லாமே எதிர்த்திசையில் சுழலும். எல் விசை வேகத்தைப் பத்து மடங்கு கூட்டும், கே குறைக்கும். வேகம் அதிகமாகிவிட்டால், சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் திரைப்படத்தில் தெரியும் அதே விளைவு இங்கேயும் வரும். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கோள் முக்கால் சுற்று சுற்றியிருந்தால், கண்ணுக்கு அது கால் சுற்று பின்னால் போனதாகத்தான் படும். சுழற்சித் திசையைப் பற்றி முடிவெடுக்கும் முன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, நீங்கள் எழுதிய கோப்பைத்தான் நிரல் படிக்கிறதா? பொருள்களின் வரையறையை எழுதும் எஸ்.எஸ்.சி. கோப்புகளை செலஸ்டியா தொடங்கும்போது மட்டுமே படிக்கும். திருத்திவிட்டு மூடித் திறக்காவிட்டால் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். டில்டே (~) விசையை அழுத்தினால் கோப்புகளைப் படித்த குறிப்பு திரையில் வரும். அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆனால் சொல் தப்பாக இருந்தால் தெரியாது. எக்சென்ட்ரிசிட்டி (மையத்தொலைத்தகவு, நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்ற அளவு) என்ற சொல்லில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நிரல் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, அதற்குப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். நீள்வட்டம் வட்டமாகிவிடும். ஒரு எண்ணை எவ்வளவு மாற்றினாலும் திரையில் எதுவும் அசையவில்லை என்றால், சந்தேகம் முதலில் அந்தச் சொல்லின் மேல்தான் விழ வேண்டும். ஒரே வரையறைக்குள் இரண்டு விதமான சுற்றுப்பாதையை எழுதியிருந்தாலும் இதே அறிகுறி வரும். நிரலுக்குள்ளேயே இருக்கும் சூத்திரத்தைக் கேட்கும் கஸ்டம்ஆர்பிட் இருக்கும்போது, நாம் எழுதும் நீள்வட்டமான எலிப்டிக்கல்ஆர்பிட் கவனிக்கப்படாது.

கடைசியாக, பொருளின் மேல் வலது கிளிக் செய்து குறிப்பு அம்புகள் உள்ள மெனுவைத் திறந்து, பொருளின் அச்சுகள், குறிப்பாயத்தின் (இடத்தையும் திசையையும் அளக்க அடிப்படையாக வைக்கும் அச்சுத் தொகுதி) அச்சுகள், சூரியன் இருக்கும் திசை, இயக்கத் திசை ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். தீர்க்கக்கோட்டு வலையையும் போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் அளவுகள் எல்லாம் இவற்றை வைத்துத்தான்.

மடங்குக் கணக்கில் தப்பினால்: அலகு

செலஸ்டியாவின் வழக்கம் இது. நட்சத்திரத்தைச் சுற்றும் பொருளுக்குச் சுற்றுக்காலம் வருடத்தில், அரைநெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளமான விட்டத்தில் பாதி) வானியல் அலகில், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்தில். கோளைச் சுற்றும் பொருளுக்குச் சுற்றுக்காலம் நாளில், அரைநெட்டச்சு கிலோமீட்டரில். தற்சுழற்சிக் காலம் மட்டும் எதற்கும் எப்போதும் மணியில். ஒரே கோப்பில், ஒரே பீரியட் என்ற சொல், இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று அலகுகளைக் குறிக்கிறது. இவ்வளவு குழப்பம் இருக்கும் இடத்தில் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிழையின் மடங்கே காரணத்தைச் சொல்லிவிடும். 24 மடங்கு வேகமாகவோ மெதுவாகவோ போனால் மணியும் நாளும் மாறியிருக்கின்றன. புதனின் தற்சுழற்சி 58.646 நாள், அதை அப்படியே எழுதினால் 58.646 மணியில் சுற்றி முடித்துவிடும். எழுத வேண்டியது 1407.5. கோள் உறைந்துபோனதுபோல நின்றால் 365.25 மடங்கைச் சந்தேகியுங்கள்: நாளில் இருந்த சுற்றுக்காலம் வருடமாகப் படிக்கப்பட்டிருக்கும். பொருளே காணவில்லை என்றால் தூரத்தின் அலகைப் பாருங்கள். பூமியின் தூரத்தைக் கிலோமீட்டரில் 149600000 என்று கொடுத்தால் நிரல் அதை வானியல் அலகாக எடுத்து, கோளை இரண்டாயிரத்து முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கும். மறுதலையாக, நிலவின் தூரத்தை 0.00257 வானியல் அலகு என்று கொடுத்தால் அது பூமியின் மையத்திலிருந்து இரண்டரை மீட்டரில் புதைந்து கிடக்கும். கோணம் 57.3 மடங்கு சிறுத்திருந்தால் மூலத்தில் ரேடியன் இருந்திருக்கிறது. 1.7 பதிப்பிலிருந்து அலகையே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பழக்கத்திலேயே தொடங்குவது நல்லது.

அலகு சரியென்று தோன்றினாலும் கெப்ளரின் மூன்றாம் விதியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சூரியனைச் சுற்றும் பொருள் என்றால், வருடத்தில் உள்ள காலத்தின் வர்க்கமும் வானியல் அலகில் உள்ள அரைநெட்டச்சின் கனமும் சமமாக வர வேண்டும். துணைக்கோளுக்கு இன்னும் எளிது: அதே தாய்க்கோளைச் சுற்றும், நன்றாகத் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிடுங்கள். அயோ வியாழனிலிருந்து 421,800 கிலோமீட்டரில் 1.769 நாளில் சுற்றுகிறது. யூரோப்பாவின் தூரம் 671,100. இரண்டு தூரத்தின் விகிதம் 1.591, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 2.007, 1.769-ஆல் பெருக்கினால் 3.55 நாள். யூரோப்பாவின் உண்மையான காலமும் அதுதான். பூமிக்கு ஒப்பிட, 42,164 கிலோமீட்டரில் 0.99727 நாளில் சுற்றும் புவிநிலைச் சுற்றுப்பாதை வசதி.

டிகிரிக் கணக்கில் தப்பினால்: தளம்

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

சாய்வு 5 டிகிரி என்றால் எதிலிருந்து 5 டிகிரி? சூரியனைச் சுற்றும் பொருளுக்கு செலஸ்டியா எடுத்துக்கொள்வது ஜே2000 காலத்துக்குரிய, அதாவது 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குரிய எக்லிப்டிக் தளம், அதாவது பூமியின் சுற்றுப்பாதைத் தளம். துணைக்கோளுக்கு எடுத்துக்கொள்வது தாய்க்கோளின் நடுக்கோட்டுத் தளம். நீங்கள் எண்ணை எடுத்த இடத்தில் வேறு தளம் இருந்தால் எல்லா எண்ணும் சரியாக இருந்தும் பாதை கோணலாக நிற்கும்.

நிலவையே எடுத்துக்கொள்வோம். அதன் சாய்வு 5.145 டிகிரி என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும். அது எக்லிப்டிக்கிலிருந்து. பூமியின் துணைக்கோள் என்ற வரையறைக்குள் அப்படியே எழுதினால் நிரல் அதைப் பூமியின் நடுக்கோட்டிலிருந்து 5.145 என்று படிக்கும். உண்மையில் நடுக்கோட்டிலிருந்து நிலவின் சாய்வு 18.3-க்கும் 28.6-க்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கிறது. தீர்வு, சாய்வு எண்ணை மாற்றுவது அல்ல. ஆர்பிட்ஃப்ரேம் என்ற பகுதியைச் சேர்த்து, மையம் பூமி, தளம் எக்லிப்டிக் ஜே2000 என்று சொல்லிவிட வேண்டும். எண் அப்படியே இருக்கட்டும்.

விலகல் 23.4 டிகிரியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பூமி அச்சின் சாய்வு 23.44. எக்லிப்டிக் எண்ணும் வான நடுவரை (பூமியின் நடுக்கோட்டை வானத்தில் நீட்டிய தளம்) எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. விண்பொருள்களின் இடத்தைக் கணக்கிட்டுத் தரும், நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவையிலிருந்து எடுத்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே எக்லிப்டிக், வான நடுவரை, மையப் பொருளின் நடுக்கோடு என்று மூன்று தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது விடையின் தலைப்புப் பகுதியில் எழுதியிருக்கும். மையத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். செவ்வாயின் துணைக்கோளுக்குச் சூரியனை மையமாக வைத்து எடுத்த எண்கள் எதற்கும் உதவாது. சூரியனுக்குப் பதில் சூரியக் குடும்பத்தின் பொது நிறைமையத்தைக் கேட்டிருந்தால், பிழை சிறிதாக இருக்கும், ஆனால் தேதிக்குத் தேதி மாறிக் குழப்பும்.

வேற்று நட்சத்திரங்களின் கோள்களைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் சாய்வு 90 டிகிரி என்றால், நம் பார்வைக்கோட்டை வைத்து அளந்த 90. அந்தச் சுற்றுப்பாதை நமக்குப் பக்கவாட்டில் தெரிகிறது என்று பொருள். எக்லிப்டிக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அப்படியே எழுதினால், பூமியிலிருந்து பார்க்கும்போது கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்காது. வானத்தில் அந்த நட்சத்திரம் இருக்கும் திசையை வைத்து எண்ணை மாற்றியாக வேண்டும். இன்னொன்று, ஆரத் திசைவேக முறையில் (நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் ஆடுவதை அளந்து) கண்டுபிடித்த கோள்களுக்குத் தரப்படும் அண்மைப்புள்ளிக் கோணம் (பாதையின் மிக அருகான புள்ளி எந்தத் திசையில் என்ற எண்) பெரும்பாலும் நட்சத்திரத்தின் பாதைக்குரியது. கோளுக்கு 180 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

விலகல் வளர்ந்துகொண்டே போனால்: நேரம்

எபோக், அதாவது மற்ற எண்கள் எந்தத் தருணத்துக்குரியவை என்று சொல்லும் எண், ஜூலியன் தேதியில் (நாள்களை இடைவிடாமல் எண்ணிக்கொண்டு போகும் முறை) வேண்டும். ஜே2000 என்பது 2451545.0, 2000 ஜனவரி 1, நண்பகல். விண்கலத் தரவுகளில் அடிக்கடி வருவது திருத்திய ஜூலியன் தேதி, அதில் 2400000.5 கழிக்கப்பட்டிருக்கும். ஐந்து இலக்கத்தில் எபோக் இருந்தால் அதுதான். கூட்டிவிட்டு எழுதுங்கள்.

மீன்அனாமலி (பொருள் சீரான வேகத்தில் ஓடுவதாக வைத்து, அண்மைப்புள்ளியிலிருந்து எண்ணும் கோணம்) என்று எழுத வேண்டிய இடத்தில் உண்மைக் கோணத்தை, அதாவது ட்ரூ அனாமலியை எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. வட்டத்துக்கு நெருக்கமான பாதையில் இது கண்ணில் படாது. நிலவில் 6 டிகிரி வரை தப்பும். புதனில் கிட்டத்தட்ட 23.7 டிகிரி வரை போகும். எண் நெருக்கமாக இருப்பதால் மேலே சொன்ன தளப் பிழையோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வித்தியாசம் எளிது: தளப் பிழையில் பாதையே கோணலாக நிற்கும். இதில் பாதை சரியாக இருக்கும், பொருள் மட்டும் அந்தப் பாதையில் முன்பின்னாக நிற்கும்.

வால்விண்மீன்களுக்குச் சூரியனை நெருங்கும் தேதி துல்லியமாகக் கிடைக்கும். அதையே எபோக் ஆக வைத்து மீன்அனாமலியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். ஒரு கணக்கு மிச்சம். மையத்தொலைத்தகவு ஒன்றைத் தாண்டிய அதிபரவளையப் பாதை என்றால் அரைநெட்டச்சுக்குப் பதிலாக அண்மைத் தூரத்தைக் கொடுப்பது பாதுகாப்பு. பீரியட் அங்கேயும் தேவை. பொருள் ஒருபோதும் திரும்பி வராது என்றாலும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை நிரல் அந்த எண்ணிலிருந்துதான் எடுக்கிறது. 2019-ல் கண்டுபிடிக்கப்பட்ட போரிசோவ் வால்விண்மீனுக்கு அண்மைத் தூரம் 2.01 வானியல் அலகு, மையத்தொலைத்தகவு 3.36. முதல் எண்ணை 2.36-ஆல் வகுத்தால் 0.85, ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 0.79 வருடம்.

எண், அலகு, தளம், எபோக் நான்கும் சரியாக இருந்தும் எபோக்கிலிருந்து விலக விலகப் பிழை வளர்கிறதா? அப்படியானால் பிழை கோப்பில் இல்லை. அசையாத ஒரு நீள்வட்டத்தால் அந்தப் பொருளைச் சொல்லவே முடியாது. நிலவின் ஏறுகணு (பாதை தளத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் புள்ளி) 18.6 ஆண்டில் முழுச் சுற்றுப் பின்வாங்குகிறது, அதாவது வருடத்துக்கு 19 டிகிரி. அதன் அண்மைப்புள்ளி 8.85 ஆண்டில் முழுச் சுற்று முன்னேறுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஏறுகணுவோ ஒரு நாளைக்கே 5 டிகிரி நகர்கிறது. செயற்கைக்கோளின் பாதையை இரண்டு வரிகளில் தரும் டி.எல்.இ. வரிகளை நீள்வட்டமாக மாற்றி எழுதினால் ஓரிரு நாளுக்குத்தான் தாங்கும். (அந்த வரிகளில் மையத்தொலைத்தகவுக்கு முன்னால் தசமப் புள்ளி இருக்காது. 0006703 என்றால் 0.0006703. கூடவே, அங்கே இருப்பது ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற எண். ஒன்றை அதனால் வகுத்தால்தான் சுற்றுக்காலம்.) நீண்ட காலத்துக்கு வேண்டுமென்றால் ஹொரைசன்ஸிலிருந்து இடத்தரவை வரிசையாக எடுத்து, மாதிரிப் புள்ளிகளிலிருந்து பாதை வரையும் முறைக்கு மாறிவிடுங்கள். அங்கே தூரம் கிலோமீட்டரில். புள்ளிகள் அரிதாக இருந்தால் பாதை மூலை மூலையாக மடியும். ஒரு சுற்றுக்குச் சில டஜன் புள்ளிகளாவது தேவை.

தரவு டி.டி.பி. என்ற சீரான நேரத்தில் இருந்து நீங்கள் யு.டி.சி. (நம் கடிகாரங்களின் அடிப்படையான உலக நேரம்) என்று எடுத்துக்கொண்டால் 2017 முதல் 69 விநாடி வித்தியாசம். கோளுக்கு அது ஒன்றுமில்லை. விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விண்வெளி நிலையத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

தற்சுழற்சி

சுழற்சிக் காலத்தைக் கொடுக்காவிட்டால் செலஸ்டியா அதைச் சுற்றுக்காலத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளும். தாய்க்கோளுக்கு ஒரே முகத்தைக் காட்டும் துணைக்கோளுக்கு இது மிகவும் வசதி. நாமாக ஒரு எண்ணை எழுதி, அதன் கடைசி இலக்கங்கள் சுற்றுக்காலத்தோடு பொருந்தாமல் மெல்ல நழுவுவதைவிட எழுதாமல் விடுவதே மேல். ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: நீள்வட்டப் பாதையில் முகம் துல்லியமாக நிற்காது. நிலவு கிழக்கு மேற்காக 8 டிகிரி அளவுக்கும் வடக்கு தெற்காக 7 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஆடும். வானத்திலும் அது அப்படித்தான் ஆடுகிறது. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

பூமிக்கு 24 மணி என்று எழுதினால் முதல் நாள் எல்லாம் சரியாகத் தெரியும். பிறகு நாளுக்கு ஒரு டிகிரி நழுவி, ஆறு மாதத்தில் பகல் இருக்க வேண்டிய ஊரில் நள்ளிரவு இருக்கும். வேண்டியது நட்சத்திரங்களை வைத்து அளந்த காலம்: 23.9345 மணி. எந்தக் கோளுக்கும் இதே விதிதான். வெள்ளியில் ஒரு சூரிய நாள் சுமார் 116.75 பூமி நாள், தற்சுழற்சியோ 243 நாள். எதை எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

இலக்கங்களில் சிக்கனம் வேண்டாம். செவ்வாயின் காலம் 24.622962 மணி. அதை 24.62 என்று சுருக்கினால் இருபத்தைந்து வருடத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் தப்பிவிடும். அந்த இடைக்காலத்தில் எந்தத் தேதியில் பார்க்கிறீர்களோ அதற்கேற்ப நிலப்பரப்பு எங்கு வேண்டுமானாலும் நிற்கும்.

எதிர்ச்சுழற்சியை இரண்டு விதமாக எழுதுவார்கள்: சாய்வை 90 டிகிரிக்கு மேல் கொடுப்பது, அல்லது காலத்தைக் குறை எண்ணாகக் கொடுப்பது. யுரேனஸுக்குச் சில அட்டவணைகளில் சாய்வு 97.8, காலம் 17.24. வேறு சிலவற்றில் சாய்வு 82.2, காலம் குறை 17.24. இரண்டும் ஒரே சுழற்சிதான். ஒன்றிலிருந்து சாய்வையும் இன்னொன்றிலிருந்து காலத்தையும் எடுத்தால் கோள் எதிர்ப்பக்கம் சுழலும். நான் எப்போதும் காலத்தை நேர் எண்ணாக வைத்துச் சாய்வை மட்டும் 90-க்கு மேல் கொண்டுபோவேன். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தாலும் திசை குழம்பாது.

சாய்விலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. செவ்வாயின் அச்சுச் சாய்வு 25.19 என்பது அதன் சொந்தச் சுற்றுப்பாதையிலிருந்து. செலஸ்டியா எதிர்பார்ப்பது எக்லிப்டிக்கிலிருந்து, அது 26.72. இந்த ஒன்றரை டிகிரிக்காகத் தலையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியம் தரும் துருவ எண்களை எடுப்பதே நேர்வழி. பாடிஃப்ரேம் பகுதியில் ஈக்வேட்டர் ஜே2000 என்று சொல்லிவிடுங்கள். பிறகு யூனிஃபார்ம்ரொட்டேஷன் பகுதியில், 90-இலிருந்து துருவத்தின் நடுவரை விலக்கத்தைக் (வானத்தில் அட்சரேகை போன்றது) கழித்தால் சாய்வு. துருவத்தின் வல ஏற்றத்தோடு (வானத்தில் தீர்க்கரேகை போன்றது) 90 கூட்டினால் ஏறுகணு, 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள். தொடக்கத் தீர்க்கக் கோணம் அப்படியே மெரிடியன்ஆங்கிள். செவ்வாய்க்குத் துருவ விலக்கம் 52.8865, வல ஏற்றம் 317.68143. ஆகவே சாய்வு 37.1135, ஏறுகணு 47.68143, மெரிடியன்ஆங்கிள் 176.63. நாளுக்கு 350.89198 டிகிரி சுழல்கிறது என்று அந்த அட்டவணை சொல்லும். 360-ஐ அதனால் வகுத்து 24-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன 24.622962 வரும்.

இவ்வளவும் சரி, ஆனால் மலைகளும் பள்ளங்களும் சரியாக 180 டிகிரி தள்ளி நிற்கின்றன என்றால் எண்ணை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். செலஸ்டியாவுக்குப் பூஜ்ய தீர்க்கக்கோடு படத்தின் நடுவில் இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து 360 வரை போகும் வரைபடங்களில் அது இடது ஓரத்தில் இருக்கும். படத்தைப் பாதியாக வெட்டி இடம் மாற்றி ஒட்டுங்கள். மெரிடியன்ஆங்கிளில் 180 கூட்டியும் சமாளிக்கலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் தீர்க்கக்கோட்டு வலையும் இடப்பெயர்களும் தப்பிவிடும்.

எந்த எண்ணாலும் தீராத சிலவும் உண்டு. வியாழனின் காந்தப்புலத்தை வைத்து அளந்த காலம் 9 மணி 55 நிமிடம் 29.7 விநாடி. மேகங்கள் அந்த வேகத்தில் போவதில்லை; பெருஞ்சிவப்புப் புள்ளி அதற்கேற்ப நழுவிக்கொண்டே இருக்கும். சனியின் ஹைப்பீரியன் ஒழுங்கில்லாமல் உருளுகிறது. அதற்கு நிலையான காலமோ அச்சோ கிடையாது.

இரட்டைகளும் விண்கலங்களும்

புளூட்டோவும் அதன் பெரிய துணைக்கோள் சேரனும் ஒன்றையொன்று சுற்றவில்லை என்றால், சேரனைப் புளூட்டோவின் துணைக்கோளாக எழுதியிருப்பீர்கள். இரண்டுக்கும் பொதுவான நிறைமையம் புளூட்டோவுக்கு வெளியே இருக்கிறது. அந்த மையத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்புப் புள்ளியாக வரையறுத்து, அதைச் சூரியனைச் சுற்றவிட்டு, இரண்டையும் அதன் பிள்ளைகளாக எழுத வேண்டும். இடைத்தூரம் 19,600 கிலோமீட்டர். அதில் புளூட்டோவுக்குச் சுமார் 2,100, சேரனுக்கு 17,500. சுற்றுக்காலம், சாய்வு, ஏறுகணு, மீன்அனாமலி எல்லாம் ஒன்றே. அண்மைப்புள்ளிக் கோணம் மட்டும் 180 வித்தியாசம். இரண்டுக்கும் 6.387 நாள்.

விண்கல மாடல் பக்கவாட்டில் படுத்திருந்தால் முப்பரிமாண மென்பொருளில் மேல்நோக்கும் அச்சு வேறு, செலஸ்டியாவில் வேறு. ஓரியன்டேஷன் வரியில் 90 டிகிரி திருப்பினால் போதும். அங்கே முதலில் கோணம், பிறகு அச்சு. கலம் சுழலும்போது தள்ளாடினால் மாடலின் மையம் தப்பான இடத்தில் இருக்கிறது. அதை மாடலிலேயே சரிசெய்யுங்கள். ஆன்டெனா எப்போதும் பூமியைப் பார்க்க வேண்டுமென்றால் சுழற்சியை எண்ணால் பிடிக்க முயல வேண்டாம், இரண்டு திசைகளால் அமையும் டூவெக்டர் குறிப்பாயத்தைப் பயன்படுத்துங்கள். அந்த இரண்டு திசைகளும் ஒரே கோட்டில் வந்துவிடும் தருணத்தில் கலம் திடீரென்று புரளும். அதனால் இரண்டாவது திசையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

ஈர்ப்பைக் கணக்கிடும் நிரல்களில்

நீங்களே எழுதிய நிரலோ, பொருள்களுக்கிடையே ஈர்ப்பைக் கணக்கிடும் வேறு நிரலோ என்றால் அறிகுறிகள் வேறு. கோள் மெல்ல மெல்ல வெளியே சுருண்டு போகிறதா? எளிய ஆய்லர் முறையில் ஒவ்வொரு நேரப் படியிலும் ஆற்றல் கொஞ்சம் கூடுகிறது. லீப்ஃப்ராக் முறைக்கு மாறினால் அதே படி அளவிலேயே பாதை விலகாமல் நிலைத்துவிடும். நேரத்தை வேகப்படுத்தியதும் துணைக்கோள்கள் சிதறி ஓடினால் படி நீண்டுவிட்டது. இருப்பவற்றிலேயே வேகமாகச் சுற்றும் பொருளின் காலத்தில் நூறில் ஒரு பங்குக்குமேல் படி போகக்கூடாது என்பது என் கணக்கு.

பொருள் நடுங்கினால் எண்ணின் துல்லியம் போதவில்லை. ஒற்றைத் துல்லிய எண்ணில், சூரியனிலிருந்து ஒரு வானியல் அலகு தூரத்தில், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 16 கிலோமீட்டர் இடைவெளி. விண்கலம் அந்தப் படிகளில் தாவித் தாவித்தான் போக முடியும். கணக்கை இரட்டைத் துல்லியத்தில் வைத்து, திரைக்கு அனுப்பும்போது கேமராவின் இடத்தைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். சுழற்சிக்குக் குவாட்டர்னியன் (திருப்பத்தை நான்கு எண்களால் சொல்லும் முறை) பயன்படுத்தினால், நான்கு எண்களில் மெய்ப்பகுதி முதலிலா கடைசியிலா என்று நூலகத்தின் வழக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் அதன் நீளத்தை ஒன்றுக்குக் கொண்டுவராவிட்டால் மாடல் மெல்லப் பெருத்தோ கோணலாகவோ போகும்.

சரியாகிவிட்டதா?

இன்றைய தேதியில் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. எபோக்குக்கு முன்னால் ஒரு தேதி, பின்னால் ஒரு தேதி, ஒரு சுற்றின் பாதியில் ஒரு தேதி என்று மூன்றிலாவது ஹொரைசன்ஸ் தரும் இடத்தோடு ஒப்பிடுங்கள். தெரிந்த நிகழ்வுகள் இன்னும் நல்ல சோதனை. நிலவின் பாதையைத் திருத்தியிருந்தால் 2024 ஏப்ரல் 8-க்குப் போய், முழு நிழல் வட அமெரிக்காவின் மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். வெள்ளி என்றால் 2012 ஜூன் 6, சூரியனின் முகத்தைக் கடக்க வேண்டும். புளூட்டோவுக்கு 2015 ஜூலை 14, நியூ ஹொரைசன்ஸ் கலம் 12,500 கிலோமீட்டரில் கடந்த நாள். அன்று கலத்துக்குத் தெரிந்த பக்கத்தில் இதய வடிவ வெண்பரப்பு இருக்க வேண்டும். பாதையும் சுழற்சியும் சேர்ந்து சரியாக இருந்தால் மட்டுமே அது அங்கே வரும்.

சோதனை தேறியதும், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து, எந்த மையம், எந்தத் தளம், எந்த எபோக்கில் எடுத்தது என்பதைக் கோப்பிலேயே # குறியில் தொடங்கும் குறிப்பு வரியாக எழுதிவிடுங்கள். நிரல் அந்த வரியைப் படிக்காது. அடுத்த முறை திருத்த வருபவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.